திருகுத் துளையைச் சுற்றிப் போன கோடுகள்

நிங் அக்காவை வேலையைவிட்டுத் துரத்தியது பெங் முதலாளிதான் என்று எங்கள் கம்பெனியில் எல்லோரும் நினைத்தார்கள். துரத்தியது நான். அதை அவரிடமே வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று.

சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் பாவ்ஆன் பகுதி. ஒரு பழைய ஆலைக் கட்டடத்தின் நான்காவது மாடியில் பதினோரு பேர் கொண்ட கம்பெனி எங்களுடையது. யூ.எஸ்.பி ஹப் செய்தோம். கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு செருகுவாயை நாலாக்கித் தருகிற சின்னப் பெட்டி. "இந்த ஊர்ல கல்ல விட்டெறிஞ்சா அது ஹப் பண்றவன் தலையிலதான் விழும். அதனால தலைய ஜாக்கிரதையா வச்சுக்குங்க" என்பார் பெங். சாவோஷான் பக்கத்துக்காரர். விரல்நுனி அளவுக் கிண்ணங்களில் நாள் முழுக்கத் தேநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். அவர் திட்டுவதும் பாராட்டுவதும் அந்தத் தேநீர்ப் பலகைக்குப் பின்னாலிருந்துதான்.

எந்தச் சிப், எந்த உதிரி என்று சர்க்யூட்டைத் தீர்மானிப்பது என் வேலை. அந்தச் சர்க்யூட்டைப் போர்டில் செப்புக் கோடுகளாக வரைவது நிங் அக்காவின் வேலை. குய்ஜோ மலைப்பக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், அடுத்த மேஜை. மதியம் சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் மடக்குக் கட்டிலை விரித்துத் தூங்குவோம். அவர் மட்டும் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வரைவார்.

"நீங்க தூங்க மாட்டீங்களாக்கா?"

"நீங்கள்லாம் வாய மூடற நேரம் இது ஒண்ணுதான். இப்பத்தான் எனக்குக் கோடு வரும். படு."

ஹப்பில் தகவல் போவது இரண்டு கோடுகள் வழியாக. இரண்டும் ஒரே நீளம், நடுவில் ஒரே இடைவெளி, ஒன்று வளைந்தால் மற்றதும் கூடவே வளைய வேண்டும். நிங் அக்கா அதைக் கண்ணாலேயே போடுவார். பிறகு அளந்து பார்த்தால் தலைமுடி அளவுகூட வித்தியாசம் இருக்காது. மூன்று வருஷத்தில் அவர் வரைந்த ஒரு போர்டும் திரும்பி வந்ததில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வசந்தத்தில் ஜெங்ஜோவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அரசாங்க அலுவலகங்களுக்குக் கவுண்டர் மேஜை செய்கிற கம்பெனி. மேஜைக்குள்ளேயே ஹப் இருக்க வேண்டும். அதில் மௌஸ், கீபோர்டு, விரல்ரேகைக் கருவி, காகிதங்களைப் படம் எடுக்கும் கேமரா நாலும் செருகப்படும். மாதிரிக்கு ஐந்து போர்டுகள் செய்து அனுப்பினோம். ஐந்தும் ஓடின.

அதன்பிறகு இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஒன்று, அவர்கள் அனுப்பிய பெட்டியின் வரைபடத்தில் ஒரு திருகுத் துளை சரியாகக் கோடுகள் போகும் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. நிங் அக்கா முனகிக்கொண்டே கோடுகளை அந்தத் துளையைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனார்.

மற்றொன்று என்னுடையது. ஒவ்வொரு செருகுவாய்க்கும் பக்கத்தில் எள்ளைவிடச் சற்றே பெரிய ஒரு உதிரி இருக்கும். வறண்ட நாளில் விரல் பட்டால் பொறி தெறிக்குமே, அது உள்ளே போய்ச் சிப்பைக் கொல்லாமல் தடுக்கிற காவல்காரன். நாங்கள் வழக்கமாகப் போடும் ரகம் சந்தையில் இல்லை. ஆறு வாரம் ஆகும் என்றார்கள். நான் ஹுவாச்சியாங்பெய் சந்தைக்குப் போய் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். மூன்றாவது மாடியில், சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கடைக்கார அம்மா குச்சியைக் கீழே வைக்காமலே ஒரு சுருளை எடுத்துப் போட்டார்.

"அதே அளவு, அதே காலு. கண்ண மூடிக்கிட்டு ஒட்டலாம்."

"வேகமான லைனுக்கு ஆகுமா?"

"ஆகாமயா இத்தனை பேரு வாங்கிட்டுப் போறான்?"

அந்தப் பதிலோடு திருப்தியாகி வாங்கி வந்தேன். அதன் விவரத் தாளைப் படிக்கவில்லை. மாற்றப் பட்டியலில் எழுதவும் இல்லை. காவல்காரன்தானே, வீட்டுக்காரனா என்ன என்ற நினைப்பு.

முதல் இருநூறு போர்டுகள் வந்தன. மௌஸைச் செருகினேன், வந்தது. கீபோர்டு வந்தது. கேமராவைச் செருகினால், 'அடையாளம் தெரியாத கருவி' என்று திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம். பென்டிரைவுக்கும் அதே மஞ்சள் கட்டம். வேறு வாய், வேறு போர்டு, வேறு கேபிள், வேறு கம்ப்யூட்டர். மெதுவான கருவி எல்லாம் வந்தது. வேகமான கருவி எதுவும் வரவில்லை.

மூன்று நாள் தேடினேன். சிப்புக்குத் தாளம் போட்டுத் தரும் ஸ்படிகத்தை மாற்றினேன். மின்சாரம் தடுமாறுகிறதா என்று பார்த்தேன். சிப்புக்குப் பக்கத்து ரெசிஸ்டரைச் சரியான மதிப்புதானா என்று கழற்றி அளந்தேன். நிங் அக்கா தன் வேலையை விட்டுவிட்டு வந்து சாலிடர் கம்பியைப் பிடித்துக் கொடுத்தார்.

"மௌஸ் போவுது, கேமரா போவலன்னா என்ன அர்த்தம்? சைக்கிள் போற ரோட்டுல லாரி போவல. அவ்வளவுதான்" என்றார்.

"அப்ப ரோடு போட்டது நீங்கதானேக்கா?" என்றேன், சிரித்துக்கொண்டே.

"அடப்பாவி! பன்னெண்டு மில்லிமீட்டர் சுத்திப் போயிருக்கு. ரெண்டு கோடும் சேந்துதான் போயிருக்கு. பன்னெண்டு மில்லிமீட்டருக்கெல்லாம் உன் லாரி கவுந்துடுமா?"

அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஜெங்ஜோ கம்பெனியிலிருந்து கெங் என்பவர் நேரிலேயே வந்துவிட்டார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். தேநீர்ப் பலகையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்தோம். பெங் கிண்ணத்தை நிரப்பி நிரப்பி வைத்தார். கெங் தொடவில்லை.

"அஞ்சு போர்டு ஓடுச்சு. இருநூறு போர்டு ஓடல. நடுவுல என்ன மாத்தினீங்க? இது ஒண்ணுதான் என் கேள்வி" என்றார்.

என் முன்னால் உதிரிகளின் பட்டியல் இருந்தது. கண் தானாகவே அந்தக் காவல்கார உதிரியின் வரிக்குப் போயிற்று. அதில் இன்னும் பழைய ரகத்தின் பெயர்தான் இருந்தது. என் மேஜை இழுப்பறையில் பாதி தீர்ந்த சுருள் இருப்பது நினைவுக்கு வந்தது. அதுவாக இருக்குமோ என்ற எண்ணம் வந்துவிட்டது. வரவில்லை என்று இன்றைக்கு நான் சொல்ல முடியாது.

"திருகுத் துளைக்காகக் கோட்ட வளைச்சோம்" என்றேன்.

அது பொய் இல்லை.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

நிங் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பவர் முகம் அது.

"வளைச்சது நான்தான் சார். ஆனா அதனால இப்படி ஆவாது" என்றார் கெங்கிடம்.

பெங் கிண்ணத்தை டொக்கென்று வைத்தார். "அதனால ஆவாதுன்னா எதனால ஆச்சு? நான் டீ ஊத்தினதாலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெங்கூட லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று மத்தியானமே பெங் நிங் அக்காவிடம், தவறு தன்னுடையதே என்று ஒரு பிழைக் கடிதம் எழுதி வாங்கினார். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கோடுகளை நேராக வரைய வெளியாள் ஒருவருக்கு வேலை போயிற்று. அதுவரை பெட்டி ஒட்டும் மேஜையில் உட்காரச் சொல்லி நிங் அக்காவை அனுப்பினார்கள். இரண்டு நாள் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பெட்டிகளை வரிசை பிசகாமல் அடுக்கினார். சனிக்கிழமை எல்லோரும் தூங்கும் நேரத்தில் என் கட்டில் பக்கம் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"தூங்கிட்டியா?"

"இல்லக்கா."

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நெஜமாவே கோடுதான்னு நெனக்கிறியா? நான் ராவெல்லாம் கணக்குப் போட்டுப் பாத்தேன், எனக்கு வரல. உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது. அதான் கேக்கறேன்."

விளக்கு அணைந்திருந்ததால் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் முகமும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"கோடுதான்க்கா" என்றேன்.

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எழுந்து போனார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டதாகப் பெங் சொன்னார்.

பன்னிரண்டு நாள் கழித்து நேர்க்கோட்டுப் போர்டுகள் வந்தன. துளையையே ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். கோடுகள் அம்பு போலப் போயின. கேமராவைச் செருகினேன். மஞ்சள் கட்டம்.

வெப்பக் காற்றுக் குழாயை எடுத்தேன். ஒரு வாயின் பக்கத்திலிருந்த அந்தக் காவல்கார உதிரியைச் சூடுகாட்டிச் சாமணத்தால் தூக்கினேன். போர்டு ஆறுவதற்குள்ளேயே கேமராவைச் செருகினேன்.

திரையில் படம் வந்தது. என் மேஜை, அதன்மேல் என் கை, கையில் சாமணம், சாமணத்தின் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி.

விவரத் தாளை அப்போதுதான் தேடிப் படித்தேன். அந்த உதிரி தனக்குள் மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைக்கும். எல்லா ரகமும் தேக்கும். அந்தத் தேக்கத்தை பிகோஃபேரட் என்ற அளவில் சொல்வார்கள். நாங்கள் வழக்கமாகப் போடுவது ஒரு பிகோஃபேரட்டுக்கும் கீழே. இது நாற்பது. கருவியைச் செருகியதும் ஹப்பும் அதுவும் முதலில் மெதுவாகத்தான் பேசிக்கொள்ளும். 'வேகமாகப் பேசலாமா?' 'பேசலாம்.' அதுவரை சிக்கல் இல்லை. வேகப் பேச்சு ஆரம்பித்ததும் அந்த நாற்பது ஒவ்வொரு சொல்லின் விளிம்பையும் மழுக்கிவிடும். ஹப்புக்கு வெறும் குழறல்தான் கேட்கும். மௌஸ் ஒருபோதும் வேகமாகப் பேசாது. அதனால் அது பிழைத்துக்கொண்டது. படித்தவன் எவனும் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்க வேண்டியது. நான்தான் அந்தப் பக்கம் பார்க்க விரும்பவில்லை.

போர்டை எடுத்துக்கொண்டு பெங்கிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"சரி. பழைய ரகம் எப்ப வரும்?"

"அடுத்த வாரம்."

"வந்ததும் மாத்தி அனுப்பு. கெங்குக்குக் கோடுன்னு சொல்லியாச்சு. அது அப்படியே இருக்கட்டும்."

"நிங் அக்காவைத் திரும்பக் கூப்பிடலாமே முதலாளி."

பெங் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கூப்பிட்டு என்ன சொல்றது? தப்பு உன்னுது இல்ல, பக்கத்து மேஜைக்காரனுதுன்னா? எனக்கு ஆட்சேபணை இல்லப்பா. கோடு போட அவள மாதிரி ஆள் எங்க கெடைக்கும்? நீயே சொல்லு. இப்பவே சொல்லு." தன் போனை எடுத்துத் தேநீர்ப் பலகைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார். திரையில் நிங் அக்காவின் எண் இருந்தது.

அவர் எனக்காக ஊற்றிய கிண்ணத்தில் ஆவி அடங்கும்வரை அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் பேசறேன்" என்றேன்.

"அப்புறம்னா சரி" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துப் பேசவும் செய்தேன். மணி அடித்ததுமே எடுத்தார். பின்னால் யாரோ சீட்டுக்கட்டு ஆடும் சத்தம்.

"ஷாவோவா? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா. நீங்க?"

"ம். சொல்லு, என்ன விஷயம்?"

சொல்ல வேண்டியதை எழுதிக்கூட வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "அந்த ஏழு வாய் ஹப் போட்டோமே, அதோட வரைபடம் எந்த ஃபோல்டர்ல இருக்கு?"

எந்த ஃபோல்டர், அதற்குள் எந்தத் தேதியிட்டது, அதில் எது கடைசித் திருத்தம் என்று துல்லியமாகச் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எண் மாறிவிட்டது.

என்னைத் தலைமை என்ஜினியர் ஆக்கினார்கள். ஜெங்ஜோக்காரர்கள் மேலும் மேலும் வாங்கினார்கள். இரண்டாயிரத்துப் பதினாறில் பெங் கம்பெனியை மூடிவிட்டுத் தேயிலை வியாபாரத்துக்குப் போனார். நான் வேறு இடத்தில் சேர்ந்தேன். மற்றவர்கள் வரைந்த போர்டுகளைச் சரிபார்ப்பதுதான் அங்கே என் வேலை. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் பேனா ஒரு நொடி நிற்கும். பழகிவிடும் என்று பார்த்தேன், பழகவில்லை.

பழைய கம்பெனி ஆட்களுக்கு, போனில் செய்தி அனுப்பும் வீசாட் செயலியில் ஒரு குழு இருந்தது. பண்டிகை வாழ்த்து, குழந்தைகள் படம், அவ்வளவுதான். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஸ்டோர் பார்த்த ஆள் அதில் ஒரு நாள் எழுதினார்: 'ஹுய்ஜோவில் கார் ஓட்டப் பழகுகிறேன். சொல்லித் தருவது யார் தெரியுமா? நம்ம நிங்!' அவரிடம் இடத்தைக் கேட்டுக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையே ரயில் ஏறினேன்.

பயிற்சி மைதானம் ஒரு மொட்டை நிலம். வெள்ளைக் கோடுகள், ஊன்றிய கம்பங்கள். தூரத்திலேயே குரல் கேட்டது.

"கண்ணாடியப் பாருங்க அண்ணே! உங்க மூஞ்சிய இல்ல, அத வீட்டுல பாத்துக்கலாம். பின்னால கம்பம் தெரியுதா? தெரியாது. ஏன்னா அத இப்பத்தான் சாச்சீங்க!"

கையுறை, வெயில் தொப்பி, கொஞ்சம் பருத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"ஷாவோ?"

"ஆமாக்கா."

"கார் கத்துக்க வந்தியா? ஷென்ஜென்ல வாத்தியாருங்க செத்துப் போய்ட்டாங்களா?"

தகரக் கொட்டகையின் நிழலில் இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகள் இருந்தன. உட்கார்ந்தோம். நலம் விசாரித்தார். நான் இழுத்தடித்தால் மறுபடி ஃபோல்டர் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. நேராகச் சொல்லிவிட்டேன். சுருள், பட்டியல், கெங்கின் கேள்வி, வெப்பக் காற்று, பெங் தள்ளிய போன், எல்லாம்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் முதலில் கேட்டது இதுதான்:

"எத்தனை பிகோஃபேரட்?"

"நாப்பது."

"நாப்பதா!" என்று சிரித்துவிட்டார். "நாப்பதப் போட்டா எவன் கோடு போட்டாலும் ஓடாதே. கடவுளே கோடு போட்டாலும் ஓடாதே!" சிரிப்பு அப்படியே நின்றது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அங்கேர்ந்து போய் டோங்குவான்ல ஒரு கம்பெனில சேந்தேன்" என்றார், மைதானத்தைப் பார்த்துக்கொண்டு. "ஒவ்வொரு கோட்டையும் நாலு தடவ அளப்பேன். அப்புறம் அஞ்சாவது தடவ. போர்ட அனுப்புன்னு சொன்னா கை வராது. வளைவு வந்தாலே வேர்த்துடும். எட்டு மாசம் பொறுத்துட்டு அவங்களே போகச் சொல்லிட்டாங்க. என் கண்ணுதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். என் கணக்கு சரின்னு எனக்கே தெரியும். ஆனா நீங்க கோடுதான்னு சொன்னீங்களே. அதான் நம்பினேன்."

நீங்க. மூன்று வருஷமும், சற்று முன்புவரையும் என்னை நீ என்றே கூப்பிட்டவர்.

"மன்னிச்சிடுங்கக்கா."

மைதானத்தில் கார் மறுபடி ஒரு கம்பத்தைத் தொட்டது. "அண்ணே, அத விடுங்க, இறங்கித் தண்ணி குடிங்க!" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட மட்டும் சொல்றதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க? அன்னிக்கு அந்த ரூம்ல ஏழு பேரு இருந்தாங்க. சிரிச்சாங்க."

"எல்லார்கிட்டயும் சொல்லணும்னா சொல்றேன்."

"சொல்லணும்னான்னு என்னைக் கேக்கறீங்களா?"

எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். போவதற்கு முன் தன் வீசாட் எண்ணை மட்டும் கொடுத்தார். நான் வாசல்வரை நடந்து திரும்பிப் பார்த்தபோது கம்பத்தை நிமிர்த்தி நட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலிலேயே குழுவில் எழுதினேன். நான்கு முறை அழித்து எழுதினேன். என் பெயரில் தொடங்கினேன். உதிரியை மாற்றியது நான், மறைத்தது நான், பிழைக் கடிதத்தில் இருந்தது பொய், நிங் அக்கா வரைந்த கோடுகளில் ஒரு குறையும் இல்லை என்று அவர் முழுப்பெயரோடு எழுதி அனுப்பினேன்.

பெங் ஒரு தேநீர்க் கிண்ணத்தின் படம் போட்டார். ஸ்டோர்காரர், 'பழசெல்லாம் எதுக்குப்பா' என்று எழுதினார். கடைசி வருஷம் சேர்ந்த ஒரு பெண், 'நிங் யாரு?' என்று கேட்டாள். அதற்குக் கீழே யாரோ பிறந்தநாள் கேக் படம் போட்டுவிட்டார்கள்.

நான் எழுதியதைப் படம் பிடித்து நிங் அக்காவுக்கு அனுப்பினேன். அன்று பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது.

'படித்தேன். என் பெயரைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள். யூஷான். அதில் வருவது மலை. பவளம் இல்லை.'

குழுவில் போட்டதை எடுத்துப் பார்த்தேன். ஷான் என்ற ஒலிக்கு எங்கள் மொழியில் பல எழுத்துகள் உண்டு; ஒன்றுக்கு மலை என்று பொருள், இன்னொன்றுக்குப் பவளம். போன் முதலில் காட்டியதைத் தொட்டிருக்கிறேன். மூன்று வருஷம் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பிழைக் கடிதத்தில் அவர் கையெழுத்துக்கு நேர் கீழேதான் என் கையெழுத்தைப் போட்டேன்.

எழுத்தைத் திருத்தி, முழுவதையும் மறுபடி குழுவில் போட்டேன். அதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை.